மூலை விட்ட வயல்கள்

ஆறின பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை. வயலில் தனியாக நிற்கும்போது இப்போதும் திடீரென்று கால் நகர மறுத்துவிடுகிறது. பட்டப்பகலில், என் சொந்தக் காணியில், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். அதனால் ஆறாமலே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் உருத்திரபுரத்தில் நெல் செய்கிற ஆட்கள். என் மாமனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலால் வந்து ஒவ்வொரு வயலாக இறங்கும். பிள்ளைகள் படித்து வெளியே போய்விட்டார்கள். வயலில் நானும் கணவரும்தான். அவர் பேசமாட்டார், எனக்குப் பேசாமல் இருக்க வராது. அப்படித்தான் இத்தனை வருடக் குடித்தனமும் ஓடியது.

வெளியிலிருந்து வருகிறவர்கள் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். நல்ல விவசாய முறைகளையெல்லாம் எங்கிருந்து தெரிந்துகொள்கிறீர்கள் என்று. கமநல சேவை நிலையத்தில் கூட்டம் வைக்கிறார்கள், போகிறோம். அங்கே தருகிற தேத்தண்ணியும் பணிசும் சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருக்கும். தொலைபேசியில் வீடியோ வருகிறது, பார்க்கிறோம். அதில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் வெள்ளை வேட்டி கசங்காமல் வரப்பில் நின்று சாணியும் வெல்லமும் கரைக்கச் சொல்லுவார். வேட்டி கசங்காத கமக்காரனை நான் என்றைக்கும் நம்பியதில்லை. கிளிநொச்சியில் மருந்துக் கடை இருக்கிறது. நோய் பிடித்த இலையைக் கொண்டுபோய்க் காட்டினால் கடைக்காரர் இலையைப் பார்க்கமாட்டார், எங்கள் முகத்தைப் பார்த்துப் போத்தல்களை எடுத்து வைப்பார்.

இவ்வளவும் சாட்டுக்குத்தான். உண்மையில் நாங்கள் படிப்பது பக்கத்து வயலில். அதுவும் கேட்டுப் படிப்பதில்லை. ஒருவரின் பயிர் செழித்து நிற்கும்போது "என்ன போட்டனீங்கள்?" என்று கேட்டால் நாவூறு பட்டுவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கேட்டாலும் "ஏதோ கிடக்குது" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. ஆகவே யாரும் கேட்பதில்லை. சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டு வாய்க்கால் கரையால் போவோம். எவர் எப்போது தண்ணீரை வெட்டிவிடுகிறார், எவர் வரம்பில் எந்த மருந்தின் வெறும் போத்தல் கிடக்கிறது, எந்த உரப் பசளையின் பை காய்கிறது என்று கண்ணாலேயே படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதையே செய்வோம். ஊரோடு ஒத்தோடு என்பதை எங்களைப்போல் விசுவாசமாகப் பின்பற்றியவர்கள் கிடையாது.

நாங்கள் எல்லோரும் படித்தது ஒருவரிடம்தான். எங்கள் காணிக்கு நேர் மேலே இருக்கிற வயல்காரர். அவர் வயலுக்குப் பாய்ந்த தண்ணீர்தான் எங்களுக்கு வரும், அதனால் வீட்டில் அவரை மேல் வயல் அண்ணை என்றே சொல்வோம். அவர் விதைத்தால் வாய்க்கால் முழுதும் விதைக்கும், அவர் பொறுத்தால் எல்லோரும் பொறுப்பார்கள். வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிற மனிதர். என் கணவராவது பசித்தால் பேசுவார், இவர் அதற்கும் பேசமாட்டார். அவருடைய மனைவிக்குக் கடைசிச் சண்டைக் காலத்தில் மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போனது. அந்த அக்கா பொய்க்காலோடுதான் வயலுக்குச் சாப்பாடு கொண்டு வருவா. காலைப்பற்றி அவவும் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

ஒரு காலபோகத்தில், மாரி விதைப்பில், மேல் வயல் அண்ணை தன் வயலில் ஒரு மூலையை உழாமல் விட்டார். ஒரு சின்ன அறை அளவு இருக்கும். சுற்றிவரக் கிளுவைத் தடி ஊன்றினார். உள்ளே புல்லும் கோரையும் தன்பாட்டுக்கு வளர்ந்தன. வரம்பில் ஒரு பூடு நின்றாலும் பொறுக்காத மனிதர் அப்படிச் செய்தது எங்களுக்குப் பெரிய புதினம். வாய்க்கால் கரையில் ஆளுக்கொரு விளக்கம். குருவிகளுக்கு என்று ஒரு பங்கு ஒதுக்கினால் மற்ற நெல்லில் வாய் வைக்காதாம் என்றார் ஒருவர். சிங்கள ஊர்களில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது, அங்கே பார்த்துவிட்டு வந்திருப்பார் என்றார் இன்னொருவர். ஏதோ நேர்த்திக்கடன் என்றும் ஒரு கதை. அவரிடம் நேரே கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. வாய்க்குப் பேர்போன எனக்கும் வரவில்லை. அந்தப் போகத்தில் எங்கள் வயல்களில் அறக்கொட்டியான் பூச்சி இறங்கி, பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்தது. அவருடைய வயல் தப்பிவிட்டது. பிறகென்ன, சந்தேகமே இல்லை, எல்லாம் அந்த மூலையின் வேலைதான்.

அப்போது எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த விவசாயப் போதனாசிரியர் இளம் பெண். ஸ்கூட்டரில் வந்து, சேற்றில் இறங்கப் பின்நிற்காத பிள்ளை. எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் அந்த மூலையைப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டாள். பயிரைத் தின்கிற பூச்சிகளைப் பிடித்துத் தின்கிற சிலந்தி, தும்பி எல்லாம் தங்குவதற்கு இப்படி இடம் விடவேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம், படிக்காமலே ஒரு கமக்காரர் கண்டுபிடித்துவிட்டாரே என்றாள். படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். மேல் வயல் அண்ணை அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மண்வெட்டியைக் கழுவினார். அடக்கமான மனிதர் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

அடுத்த போகத்தில் வாய்க்கால் நெடுகிலும் மூலைகள் முளைத்தன. நானும் விடவேண்டும் என்று நின்றேன். வீதியால் போகிற ஆட்களுக்குத் தெரிகிற மாதிரி முன்பக்கத்தில் விடுவோம் என்றேன். கணவர் விசர்க் கதை கதைக்காதே என்றார். விளைகிற நிலத்தைப் புல்லுக்குக் கொடுக்கிற மடையன் யாரென்று கேட்டார். நான் அவரை விடவில்லை. சமைக்கும்போது சொன்னேன், சாப்பிடும்போது சொன்னேன், அவர் படுத்த பிறகும் சொன்னேன். கடைசியில் உழவு நடந்த ஒரு நாள் வயலால் வந்தவர், கால் கழுவ முதலே, "சரி, மூலை விடுவம். ஆனால் பின்பக்கத்திலை, வடிகானுக்குக் கிட்ட" என்றார். கிளுவைத் தடியையும் தானே வெட்டித் தானே ஊன்றினார். நான் வென்றுவிட்டேன் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

எங்கள் மூலை நன்றாகவே வந்தது. போதனாசிரியர்ப் பிள்ளை மெச்சினாள். முள்ளியவளையிலிருந்து ஒரு பஸ் நிறையக் கமக்காரரைக் கூட்டிவந்து காட்டப்போவதாகச் சொன்னாள். நான் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து, புதுச் சேலை உடுத்தி, அவர்களை வரம்பால் அழைத்துப் போனேன். மூலைக்குக் கிட்டப் போகவில்லை, அதற்குள் என் கணவர் எங்கிருந்தோ ஓடிவந்தார். வாழ்க்கையில் குரல் உயர்த்தாத மனிதர் அத்தனை பேருக்கும் முன்னால் கத்தினார். இது என்ன மிருகக்காட்சிச் சாலையோ, மற்றவன்ரை வயலுக்குள்ளை இறங்க ஆர் சொன்னது, வெளியாலை போங்கோ என்றார். வந்தவர்கள் முகம் செத்துப்போய்த் திரும்பினார்கள். அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. எவ்வளவோ நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவேன்.

அதற்குப் பிறகு மேல் வயல் அண்ணைக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வவுனியா ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பிறகு அங்கேயே மகளின் வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். அக்கா தொலைபேசியில் அழுதா. வயல் தரிசாகக் கிடந்தால் அவருடைய மனம் உடைந்துவிடும், இந்தப் போகம் நீங்களே பாருங்கோ என்றா. செய்கிறோம் அக்கா என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

வயலைப் பார்க்க வந்த போதனாசிரியர்ப் பிள்ளை ஒரு யோசனை சொன்னாள். ஒரே மூலையைக் கனகாலம் விட்டால் எலி வளை தோண்டிவிடும், அதை உழுது சேர்த்துவிட்டு இந்த முறை வேறு மூலையை விடுங்கள் என்றாள். எனக்குச் சரியாகப் பட்டது. கணவரிடம் சொன்னேன்.

"அந்த மனிசன்ரை மூலையிலை கை வைக்காதையும்" என்றார்.

ஏன் என்று கேட்டேன். ஒரு கிழமையாக அதே கேள்வி, அதே மௌனம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்த பிள்ளை சொல்கிறாள், இவருக்குக் காரணமும் கிடையாது, வாயும் கிடையாது, பிடிவாதம் மட்டும் இருக்கிறது. நானே உழவு இயந்திரக்காரரைப் பிடித்து, மேல் வயலை மூலையோடு சேர்த்து ஒரு பொட்டும் விடாமல் உழுதுவிடுங்கோ என்று நாள் சொன்னேன். வேண்டுமென்றே அன்றைக்குக் காலை பஸ்ஸில் வவுனியாவுக்குப் போனேன். மேல் வயல் அண்ணையைப் பார்க்கவேண்டும், நல்ல செய்தி சொல்லவேண்டும், வீட்டில் நடக்கப்போகிற சண்டைக்கும் நிற்கக்கூடாது.

அவரை விறாந்தையில் கதிரையில் இருத்தியிருந்தார்கள். பாதியாக மெலிந்திருந்தார். கண் மட்டும் பழையபடி. நான் பக்கத்தில் இருந்து வயல் புதினமெல்லாம் சொன்னேன். வாய்க்கால் திருத்துகிற கதை, தண்ணீர் திறக்கிற திகதிக்கு நடந்த இழுபறி, யார் யார் என்ன நெல் போடுகிறார்கள் என்று ஒன்றும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார், இடக்கையால் என் கையைத் தட்டியும் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிப்போனது. அந்த உற்சாகத்தில் தொலைபேசியை எடுத்து அவருடைய மூலையின் படத்தைக் காட்டினேன்.

"இண்டைக்கு இதையும் சேர்த்து உழுவிக்கிறன் அண்ணை. எலி வைக்குமாம். புது மூலை விடுவம்" என்றேன்.

அவருடைய முகம் மாறியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சொல்லாகவில்லை. மீண்டும் மீண்டும் அதே சத்தம். கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தார், சரிந்தார். மகள் ஓடிவந்து பிடித்தாள். தன்னுடைய முறையை நாங்கள் மாற்றுகிறோம் என்று கோபம்போல என்றா அக்கா. நானும் அப்படித்தான் நினைத்தேன். உங்களைப் பார்த்துத்தானே அண்ணை எல்லோரும் மூலை விடப் பழகினது, உங்கட பேர் ஒரு நாளும் போகாது என்று அந்த நேரத்திலும் ஆறுதல் சொல்லிக்கொண்டு இருந்தேன். என் வாயை என்னவென்று சொல்வது.

அவர் என்னைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் நின்ற அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்தார். இடக்கையால் அவவின் பொய்க்காலில் அடித்தார். மறுபடியும் அடித்தார். பிறகு என் கையிலிருந்த தொலைபேசியை, அந்தப் படத்தைக் குத்திக் காட்டினார். திரும்பவும் பொய்க்காலில் அடித்தார்.

அக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. அவ குனிந்து, மெல்லக் கேட்டா:

"அதுக்குள்ளை கிடக்குதோ?"

அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். அவருடைய கை அந்தக் காலின் மேலேயே கிடந்தது.

எனக்குள் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. குருவிப் பங்கும் இல்லை, தும்பியும் இல்லை, சிலந்தியும் இல்லை. அந்த மனிதர் உழும்போது மிதிவெடி ஒன்றைக் கண்டிருக்கிறார். சொன்னால் சிவப்புப் பலகை நட்டுக் கயிறு கட்டிவிடுவார்கள், அகற்றுகிறவர்கள் வந்து முடிக்கும்வரை வயலில் கால் வைக்க முடியாது. தண்ணீர் முறை போய்விடும், போகம் போய்விடும். காலை இழந்த மனுசிக்கு முன்னால் அதை வாய்விட்டுச் சொல்லவும் அவரால் முடியவில்லை. ஆகவே தடி நட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். நாங்கள் அதை விவசாயம் என்று படித்தோம். படம் எடுத்தோம், குழுவில் போட்டோம்.

உழவு இயந்திரக்காரருக்குத் தொலைபேசி அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. இயந்திரத்தின் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது! கணவருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அவர், மறுபடி இவர். அந்த வீட்டின் முற்றத்தில் செருப்பில்லாமல் நின்றுகொண்டு, யாருக்கு எடுக்கிறேன் என்று தெரியாமலே அழுத்திக்கொண்டிருந்தேன். நான்தான் நாள் சொன்னவள். பொட்டும் விடாமல் உழுங்கோ என்று என் வாயால் சொன்னவள். அந்த உழவு இயந்திரக்காரருக்கு நான்கு பிள்ளைகள்.

கடைசியில் கணவர் எடுத்தார்.

"என்னப்பா, மெசினை நிப்பாட்டச் சொல்லுங்கோ. மூலைக்குப் போக விடாதேங்கோ, கெதியா ஓடுங்கோ" என்று கத்தினேன்.

"அவனை அப்பவே திருப்பி அனுப்பிப்போட்டன்" என்றார்.

அந்த மண்ணிலேயே இருந்துவிட்டேன். முருகா, முருகா என்றுதான் வாயில் வந்தது. அழுதுகொண்டே, அதுக்குள்ளை என்ன கிடக்குதெண்டு தெரியுமோ என்று கேட்டேன். அவர் அதிரவில்லை. என்ன என்றும் கேட்கவில்லை.

"தெரியும்" என்றார். "எங்கட மூலையிலையும் கிடக்குது."

தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. பேச வராமல் நான் இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான். எங்கள் மூலைக்குள் பொன்னாங்காணி நன்றாக வரும். புல்லில் கை வைக்காதே என்று இவர் சொல்லியிருந்தபடியால், இவர் கிளிநொச்சி ரவுணுக்குப் போகிற நாள்களில் தடிக்கு இடையால் புகுந்து மடி நிறையப் பிடுங்கி வருவேன். வெறுங்காலோடுதான் போவேன், சேற்றில் செருப்பு எதற்கு. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, இரண்டு போகம். எங்கே அடி வைத்தேன், எங்கே குந்தினேன், எந்த வேரை இழுத்தேன் என்று அந்த முற்றத்தில் இருந்து நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவில் வரவில்லை. கீரை பிடுங்குகிறவள் காலையா பார்ப்பாள்?

பின்னேர பஸ்ஸில் திரும்பினேன். கிளிநொச்சியில் அவர் மோட்டார் சைக்கிளோடு காத்து நின்றார். பஸ் நிலையத்து இரைச்சலில், ஆட்கள் முட்டிக்கொண்டு போகிற இடத்தில், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உமக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. பலகை நட்டிருப்பினம். போகம் போயிருக்கும்" என்றார்.

"அதுக்குள்ளை போய்த்தான் நான் பொன்னாங்காணி பிடுங்கினனான். நீங்கள் தின்ட கீரை முழுக்க அதுதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பார்வை இறங்கி என் கால்களில் நின்றது. கையிலிருந்த வண்டித் திறப்பு விழுந்தது, எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே தரையில் குந்திவிட்டார். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் அழுததை நான் பார்த்தது அங்கேதான். எனக்கு இரக்கம் வரவில்லை. ஆத்திரமும் வரவில்லை. என் இரண்டு காலும் நிலத்தில் இருக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குப் போகவில்லை. கிராம சேவகரின் வீட்டுக்கு விடச் சொன்னேன். வாய்க்கால் கரையால் போகும்போது பொழுது முழுதாகச் சாயவில்லை, எல்லாம் வடிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு வயலிலும் ஒரு மூலை. யார் வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து மூலை விட்டது, யார் பயத்தில் விட்டது? எங்கள் மூலை இப்படி என்றால் மற்றவர்களுடையது? எல்லோரும் ஒரே மாதிரித் தடி நட்டிருந்தார்கள். கேட்டால் எல்லோரும் தும்பிக்கு என்றுதான் சொல்வார்கள்.

கிராம சேவகர் விளக்கைப் போட்டு, கதிரையில் இருக்கச் சொல்லி, பேனையை எடுத்தார். இளம் ஆள், பொறுமையானவர். நான் சொன்னதை எழுதிக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"எந்த மூலை எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றார்.

"எல்லா மூலையும்" என்றேன்.